மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு: அடுத்து என்ன செய்யலாம்?

கேள்வி இது: "அக்காவுக்கு 36 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு டிப்ரஷன் என்றார்கள், மூன்று வருடம் ஆகிறது. முதலில் எஸ்சிட்டாலோபிராம், பிறகு செர்ட்ராலின். பெரிய மாற்றம் இல்லை. செரோட்டோனின் கதையே பொய் என்று நிரூபித்துவிட்டார்களாம், ஒரு காணொளியில் பார்த்தோம். மாத்திரையை நிறுத்திவிட்டு கெட்டமைன், காந்த சிகிச்சை, காளான் என்று வந்திருப்பதில் ஏதாவது ஒன்றுக்குப் போகலாமா? அம்மா ரொம்பப் பயந்துபோயிருக்கிறார்."

முதலில் நேரடியான பதில். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புது சிகிச்சைகள் வெறும் விளம்பரம் இல்லை, அவற்றில் ஒன்றிரண்டு உங்கள் அக்காவுக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டிய சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கலாம் என்று கேள்வியைப் படித்ததும் தோன்றியது. மனநல மருத்துவராகப் பல வருடம் ஓபியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் மாத்திரையை நிறுத்தலாமா என்ற எண்ணமே அங்கிருந்துதான் வந்திருக்கிறது. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோநையாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் ஒரு பக்கம் இருக்க, படுத்தே கிடந்தவர்கள் எழுந்து நடமாடவும் நன்றாகச் சாப்பிடவும் ஆரம்பித்தார்கள். அந்த மருந்து மூளையில் செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்கள் சிதைவதைத் தடுக்கிறது என்பது தெரியவந்தது. அவற்றைக் கூட்டினால் மனச்சோர்வு குறைகிறது என்றால், மனச்சோர்வுக்குக் காரணமே அவை குறைந்துபோனதுதானே என்று பின்னோக்கி யோசித்தார்கள். 1987 இறுதியில் அமெரிக்காவில் ஃபுளூக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு அனுமதி கிடைத்த பிறகு, 'மூளையில் ரசாயனம் குறைவு' என்ற ஒற்றை வரி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2022-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜோவான்னா மான்க்ரீஃப் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளையெல்லாம் சேர்த்து அலசினார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு செரோட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்றார்கள். நீங்கள் பார்த்த காணொளி இதைத்தான் சொல்லியிருக்கும். அந்த முடிவில் எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அந்த எளிய கதையை முன்பே தாண்டி வந்துவிட்டார்கள். ஓபி அறைகளில்தான் அது நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த ஆய்வு மாத்திரை வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கவே இல்லை. அந்தக் கேள்விக்கான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளை, அதாவது 1,16,477 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. எவ்வளவு கூடுதலாக என்று கேட்டால், சராசரியாகப் பார்க்கும்போது கொஞ்சம்தான். சராசரி என்பதால் ஒருவருக்கு நன்றாகவே பலன் இருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே இருக்காது. எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரியாமல் பலன் தரும் மருந்துகள் மருத்துவத்தில் நிறைய உண்டு. லித்தியத்தை ஜான் கேட் 1949-ல் மனநோய்க்குப் பயன்படுத்திக் காட்டினார். அது மூளையில் சரியாக என்ன செய்கிறது என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. அதற்காக அதை யாரும் தூக்கிப்போடவில்லை.

மனச்சோர்வுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, 29 நாடுகளில் மனச்சோர்வு உள்ள 6,88,808 பேரின் மரபணுக்களை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய 700 இடங்களில் வேறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதனால்தான் ஒரே மாத்திரை எல்லோருக்கும் கேட்பதில்லை.

இப்போது 'இரண்டு மாத்திரையும் பலிக்கவில்லை' என்பதற்கு வருவோம். இதைக் கேட்டதும் நான் முதலில் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பச் சொல்வேன். பாதிப் பேரின் கதை அங்கேயே மாறிவிடும். எஸ்சிட்டாலோபிராம் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, வயிற்றைப் புரட்டுகிறது என்று மூன்றாவது வாரம் நிறுத்தியிருப்பார்கள். அல்லது செர்ட்ராலின் 50-லேயே ஒரு வருடம் நின்றிருக்கும், யாரும் கூட்டியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் 'கொஞ்சம் நன்றாக இருக்கிறதே' என்று வாரத்தில் மூன்று நாள் மட்டும் போட்டிருப்பார்கள். போதுமான டோஸில் ஆறு முதல் எட்டு வாரம், ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டும் பலன் இல்லை என்றால்தான் அந்த மருந்து தோற்றது என்று கணக்கு. அப்படி இரண்டு மருந்துகள் தோற்றால்தான் 'சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு' என்ற பெயரே வரும். புது சிகிச்சைகளில் பெரும்பாலானவை அந்தப் பெயர் உள்ளவர்களிடம்தான் சோதிக்கப்பட்டன.

கூடவே வேறு சிலவும் பார்க்க வேண்டும். தைராய்டு, ரத்த சோகை, பி12. பிரசவத்துக்குப் பிறகு ஆரம்பித்தது என்கிறீர்கள், அதனால் தைராய்டை நான் கட்டாயம் பார்ப்பேன். அப்புறம் இதைவிட முக்கியமான ஒன்று. அக்காவுக்கு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், மூன்று நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு, படபடவென்று பேசிக்கொண்டு, தாறுமாறாகச் செலவு செய்து, 'நம்ம பொண்ணா இது' என்று வீடே திகைக்கும்படி சில நாட்கள் இருந்ததா? இருந்தால் அது இருதுருவ நோயாக, அதாவது மனச்சோர்வும் இப்படிப்பட்ட அதீத எழுச்சியும் மாறி மாறி வரும் நோயாக இருக்கலாம். பிரசவத்தை ஒட்டித் தொடங்கும் மனச்சோர்வில் இந்தச் சாத்தியம் கொஞ்சம் அதிகம். அதற்கு மருந்தே வேறு. வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சரியாகாது, சில சமயம் மோசமாகும். இதை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

சோதனையில் எல்லாம் சரி, இரண்டு மருந்துகளும் முறைப்படி கொடுத்தும் பலன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாத்திரைக்கு எவ்வளவு வாய்ப்பு? அமெரிக்காவில் 4,041 பேரைச் சேர்த்து நடத்திய ஸ்டார்-டி ஆய்வின் முடிவுகள் 2006-ல் வந்தன. முதல் மருந்தில் முழுதாகத் தேறியவர்கள் 36.8 சதவீதம், இரண்டாவதில் 30.6. மூன்றாவது படியில் அது 13.7 என்று விழுந்தது, நான்காவதில் 13. நான்கு படிகளையும் சேர்த்து மூன்றில் இருவர் தேறுவார்கள் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. 2023-ல் அதே தரவை வேறொரு குழு, முதலில் வகுத்த விதிகளின்படியே மறுபடி எண்ணிப் பார்த்து, உண்மையில் 35 சதவீதம்தான் என்றது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு விஷயம் மாறவில்லை: இரண்டு மருந்துகளுக்குப் பிறகு, மூன்றாவதாக அதே வகை மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் லாபம் குறைவு. அங்கேதான் புது சிகிச்சைகளுக்கு இடம் வருகிறது.

கெட்டமைன் அறுவை அரங்குகளில் பல்லாண்டுகளாகப் புழங்கும் மயக்க மருந்து. 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏழு நோயாளிகளிடம், மயக்கத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று நாட்களுக்குள் மனச்சோர்வு இறங்கியது. 2006-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் ஜராட்டே குழு அதை மறுபடி செய்தது. பல மருந்துகள் தோற்றுப்போனவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம், 40 நிமிடம் டிரிப். மறுநாள் 71 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. ஆறு வாரம் காத்திருந்து பழகிய எங்களுக்கு அது நம்ப முடியாத செய்தி. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அந்தப் பலன் ஒரு வாரமாவது நின்றது 35 சதவீதம் பேருக்கு மட்டும்தான்.

புது சிகிச்சைகளைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கடந்த இருபத்தைந்து வருட ஆராய்ச்சி, ஆழமான மனச்சோர்விலிருந்தும் ஒருவரைச் சில நாட்களில் எழுப்பிவிட முடியும் என்று காட்டிவிட்டது. எழுந்தவரை மறுபடி விழாமல் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அதனால் எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், 'எத்தனை பேருக்கு, எத்தனை நாளில்' என்பதோடு 'எத்தனை மாதம் நிற்கிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கெட்டமைன் கொடுக்கும்போது என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். நான்கைந்து மணி நேரம் வெறும் வயிறு. படுக்கை, கையில் ஊசி, மறு கையில் ரத்த அழுத்தப் பட்டை. டிரிப் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உடம்பு மிதப்பது போல இருக்கும், கூரை தள்ளிப்போவது போல, நம் குரலே தூரத்திலிருந்து வருவது போல. சிலர் அழுவார்கள், சிலர் பயந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம் ஏறும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரிப் முடிந்ததும் இந்த உணர்வுகள் வடிந்துவிடும், ஆனாலும் இரண்டு மணி நேரம் அங்கேயே வைத்திருப்போம். அன்று வண்டி ஓட்டக் கூடாது. ஒரு முறையோடு முடியாது. வழக்கமாக வாரம் இரண்டு முறை, சில வாரங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது.

கெட்டமைன் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு மூலக்கூறு வடிவங்களின் கலவை. அவற்றில் ஒன்றான எஸ்கெட்டமைனை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக அமெரிக்கா 2019 மார்ச்சில் அனுமதித்தது. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் டிரிப்தான். மருந்து பழையது, விலை அதிகமில்லை. கண்காணிப்புக்கும் படுக்கைக்கும்தான் செலவு. 2023-ல் வந்த ஓர் ஆய்வு, மனப்பிரமை இல்லாத, மருந்துக்குக் கேட்காத 403 பேரை, கெட்டமைனுக்கும் ஈசிடி என்ற மின் அதிர்வு சிகிச்சைக்குமாகப் பிரித்தது. கெட்டமைனில் 55.4 சதவீதம் பேருக்குப் பலன், ஈசிடியில் 41.2. நினைவு மங்கலும் கெட்டமைன் பக்கம் குறைவு. ஆனால் பலன் கிடைத்தவர்களில் கெட்டமைன் பக்கத்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது.

ஈசிடியைக் 'கரண்ட் ஷாக்' என்று நினைத்து நடுங்க வேண்டாம். 2017-ன் மனநலச் சட்டம் மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுப்பதைத் தடை செய்திருக்கிறது. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவர், காதில் குரல் கேட்பவர், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் என்றால் இன்றும் நான் முதலில் யோசிப்பது ஈசிடியைத்தான்.

கெட்டமைன் பற்றி ஒரு விசித்திரமான ஆய்வையும் சொல்ல வேண்டும். மருந்து மிதக்க வைப்பதால், தனக்குக் கிடைத்தது மருந்தா உப்புத் தண்ணீரா என்று எல்லோருக்கும் தெரிந்துபோய்விடுகிறது. அதைத் தவிர்க்க ஸ்டான்ஃபோர்டில் ஒரு வழி செய்தார்கள். வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்கு வந்திருந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேருக்கு, முழு மயக்கத்தில் இருக்கும்போதே கெட்டமைனோ உப்புத் தண்ணீரோ கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. இரண்டு குழுவினரும் நன்றாகத் தேறினார்கள், வித்தியாசமே இல்லை. மயக்க மருந்துகளே கெட்டமைனின் வேலையைக் குழப்பியிருக்கலாம். ஆனாலும் 'எனக்கு இன்று நல்லது நடக்கப்போகிறது' என்ற எதிர்பார்ப்பும், கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களின் அக்கறையும் எவ்வளவு பெரிய மருந்து என்று அது காட்டுகிறது. இதைப் படித்த பிறகு டிரிப் அறையில் நோயாளியோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றுகிறது. தனியாக வாங்கிப் பயன்படுத்தினால் கெட்டமைன் அடிமைப்படுத்தும், சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். 'வீட்டுக்கே வந்து போடுகிறோம்' என்று யாராவது சொன்னால் போகாதீர்கள்.

காளானைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சைலோசைபின் என்ற அதன் மூலப்பொருளை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, அளந்து, பயிற்சி பெற்ற இருவர் கூட இருக்க, ஒரு முழு நாள் சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள். 2022-ல் வந்த 233 பேர் கொண்ட ஆய்வில், 25 மில்லிகிராம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரம் பலன் தெரிந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் வாங்கியவர்களில் 18 சதவீதம். பன்னிரண்டாவது வாரம் வரை பலன் நின்றது 25 மில்லிகிராம் குழுவிலும் ஐந்தில் ஒருவருக்குத்தான். ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைக் கொடுக்க விடுகிறது. இந்தியாவில் இது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம். கொடைக்கானலில் 'மேஜிக் மஷ்ரூம்' என்று விற்பதைத் தேடிப்போகும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பதைக்கிறது. எந்தக் காளான், எவ்வளவு வீரியம் என்று யாருக்கும் தெரியாது. இருதுருவ நோயோ மனச்சிதைவோ குடும்பத்தில் இருந்தால் ஒரே முறையில் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விட்டுவிடும். அக்காவுக்கு இது வேண்டாம்.

காந்த சிகிச்சை, அதாவது டிஎம்எஸ், வேறு கதை. நெற்றியின் இடது பக்கத்துக்குச் சற்று மேலே ஒரு சுருளை வைத்து, காந்தத் துடிப்புகளை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்புவார்கள். மயக்க மருந்து கிடையாது. டக்டக்கென்று மரங்கொத்தி கொத்துவது போல இருக்கும், சிலருக்குத் தலைவலி வரும், முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். அமெரிக்கா இதை 2008-லேயே அனுமதித்தது. தினம் ஒரு முறை, நான்கு முதல் ஆறு வாரம் வர வேண்டும் என்பதுதான் கஷ்டம். 2018-ல் கனடாவில் 414 பேரிடம் செய்த ஆய்வு, 37 நிமிடச் சிகிச்சைக்குப் பதில் மூன்று நிமிட முறையும் அதே பலன் தருகிறது என்று காட்டியது. ஒரே கருவியில் பல மடங்கு பேரைப் பார்க்கலாம் என்பதால் நம் மாதிரி ஊர்களுக்கு இது பெரிய செய்தி.

ஸ்டான்ஃபோர்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொருவரின் மூளையையும் ஸ்கேன் செய்து, சுருளை வைக்க வேண்டிய சரியான புள்ளியைக் கண்டுபிடித்து, ஒரே நாளில் பத்து முறை, ஐந்து நாட்கள். பத்து நிமிடம் சிகிச்சை, ஐம்பது நிமிடம் ஓய்வு. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில் 29 பேர்தான். நான்கு வாரத்துக்குள் முழுதாகத் தேறியவர்கள் உண்மைச் சிகிச்சையில் 78.6 சதவீதம், போலியில் 13.3. 2022-ல் அமெரிக்கா இதையும் அனுமதித்தது. 29 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பெரிய ஆய்வுகளில் இந்த எண் இறங்கும் என்றே நான் நினைக்கிறேன். பாதியாக இறங்கினாலும் நல்ல சிகிச்சைதான். சாதாரண டிஎம்எஸ் நம் பெருநகர மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. வலிப்பு நோயோ தலைக்குள் உலோகமோ இல்லையென்றால், குழந்தைகளை வைத்திருக்கும், வேலைக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணுக்கு நான் கெட்டமைனுக்கு முன்னால் இதைத்தான் யோசிப்பேன்.

பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வுக்கென்றே சுரனோலோன் என்ற மாத்திரை 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்து பிரசவத்தில் சடாரென்று விழும் ஒரு ஹார்மோனின் வழித்தோன்றலைப் போலச் செய்யப்பட்டது, 14 நாள் மட்டும் சாப்பிட்டால் போதும். பிரசவமாகி மூன்று வருடமான அக்காவுக்கு இது பொருந்தாது. உங்கள் குடும்பத்தில் அடுத்து பிள்ளை பெறப்போகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்: பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் போகவில்லை என்றால் 'பச்சை உடம்பு, சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது செய்திகளில் வராத ஆராய்ச்சி. என்னைக் கேட்டால் இந்த இருபது வருடத்தில் வந்ததில் மிகப் பெரியது இதுதான்.

2017-ல் மனநல ஆராய்ச்சியாளர் விக்ரம் படேல் குழுவினர் கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்த ஆய்வு வெளியானது. கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச்சு சிகிச்சை. அதைக் கொடுத்தவர்கள் டாக்டர்களோ உளவியல் படித்தவர்களோ இல்லை, உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 39. முக்கியமாக, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழு முன்னால்தான் நின்றது. பாகிஸ்தானின் கிராமங்களில் 2008-லேயே இதேபோலச் செய்து காட்டியிருந்தார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் இதைப் போன்ற வேறொரு பேச்சு சிகிச்சையைக் கற்றுக்கொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் 23 சதவீதம், மற்ற கிராமங்களில் 53.

கோவாவில் கொடுத்த அந்தப் பேச்சு சிகிச்சையில் அப்படி என்ன இருக்கிறது? நடத்தைச் செயலூக்கம் என்று புத்தகப் பெயர். மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விடுகிறார். கோவிலுக்குப் போவதை, அக்கம்பக்கத்தில் பேசுவதை, தலை வாருவதை. விட விட மனதுக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகளும் நிற்கின்றன, சோர்வு கூடுகிறது. 'மனசு சரியானதும் செய்கிறேன்' என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதே இல்லை. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுகிறோம், முதலில் செயல், மனசு பின்னால் வரட்டும்.

என்னிடம் வந்த ஒரு அம்மா தையல் வேலை செய்தவர், ஆறு மாதமாக மெஷினைத் தொடவே இல்லை. முதல் வாரம் ஒரு நோட்டில் மணி வாரியாக என்ன செய்தார் என்று மட்டும் எழுதச் சொன்னோம், பக்கத்தில் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று. 'எல்லா நேரமும் பூஜ்யம்தான் சார்' என்றவரின் நோட்டில், மாலை ஐந்து மணிக்கு வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்த இடத்தில் நான்கு இருந்தது. அங்கிருந்து பிடித்தோம். அடுத்த வாரம் மெஷின் மேல் இருந்த துணியை எடுத்து, எண்ணெய் போடுவது மட்டும். தைக்க வேண்டாம். அதற்கடுத்த வாரம் ஒரு தலையணை உறை. அது முடியவில்லை என்றால் திட்டமாட்டோம், எது தடுத்தது என்று பார்த்து இன்னும் சின்னதாக்குவோம். இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் பலிக்காது. 'வெளியே போ, எல்லாம் சரியாகிடும்' என்று வீட்டில் ஏற்கெனவே நூறு முறை சொல்லியிருப்பார்கள். நேரம், இடம், அளவு எல்லாம் முடிவு செய்து, வாராவாரம் ஒருவர் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சியையும் இதோடு சேர்க்கலாம். 2024-ல் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடை, ஓட்டம், யோகா, எடை தூக்குவது எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன. மருந்துக்குப் பதிலாக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அக்காவின் நோட்டில் முதல் வரியாக, உங்களோடு தெருமுனை வரை ஒரு நடை இருக்கலாம்.

இந்தியாவில் 2015-16-ல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறாமல் இருந்தார்கள். அந்த 85 பேரையும் மூளை ஸ்கேனும் காந்தமும் எட்டப்போவதில்லை. ஊர் நர்ஸும் ஆஷா பணியாளரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு முறை எட்டும். அரசு பணம் போட வேண்டிய இடம் அது என்று நான் திடமாக நம்புகிறேன்.

தேறிய பிறகு மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதற்கும் நல்ல ஆய்வு வந்திருக்கிறது. 2021-ல் இங்கிலாந்தில், நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கும் 478 பேரில் பாதிப் பேருக்கு, யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாதபடி, படிப்படியாக நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. நிறுத்தியும் நன்றாகவே இருந்தவர்கள் நூற்றில் நாற்பத்து நான்கு பேர் என்பதையும் பாருங்கள். ஆகவே ஆயுள் முழுக்க என்று பயப்பட வேண்டாம். நிறுத்தும்போது மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் பார்வையில். திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்று குழப்பிக்கொள்வார்கள்.

அம்மாவின் பயம் எதைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குப் புரிகிறது. 'உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்று அக்காவிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரைகளை மொத்தமாக அக்கா கையில் கொடுக்காமல் நீங்களே வைத்திருந்து தினமும் கொடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வெளியேற்றுங்கள். இரவு எந்த நேரமானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அம்மாவும் பேசலாம்.

அடுத்த ஓபிக்குப் போகும்போது ஒரு தாளில் இதை எழுதி எடுத்துப் போங்கள்: எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஏன் நிறுத்தப்பட்டது, நடுவில் எத்தனை நாள் விட்டுப்போனது. தூக்கமே தேவைப்படாத நாட்கள் எப்போதாவது இருந்ததா. தைராய்டு ரிப்போர்ட் எந்தத் தேதியது. குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததா, அவருக்கு எந்த மருந்து கேட்டது. காப்பீடு இருந்தால் அந்தத் தாள்களையும் எடுத்துப் போங்கள், 2017 சட்டப்படி உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பிறகு டாக்டரிடம் இந்த இரண்டைக் கேளுங்கள்: செர்ட்ராலினின் டோஸ் முழு அளவுக்குப் போனதா, போயும் பலன் இல்லையென்றால் லித்தியம் போன்ற துணை மருந்து, டிஎம்எஸ், கெட்டமைன் இவற்றில் அக்காவுக்கு எது, எத்தனை வாரத்தில் முடிவு தெரியும்? பேச்சு சிகிச்சைக்கு அதே மருத்துவமனையில் உளவியலாளர் யார், எந்தக் கிழமை இருப்பார் என்பதையும் கேட்டு, அன்றே நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.